கண்ணுக்க ஆட்டிலையான் புழு: மனிசனுக்கு ஆபத்தில்லை, மாமியைத்தான் உடன கூட்டிக்கொண்டு போங்கோ

தங்கச்சி, உங்கட கேள்வியை மூண்டு தரம் வாசிச்சன். மற்ற ஆக்களுக்கும் விளங்க வேணும் எண்டதுக்காக முதல்ல சுருக்கமாச் சொல்லுறன். உங்கட மனிசன் முந்தநாள் மத்தியானம் புங்குடுதீவில வளவுக்க ஆடுகளுக்குக் குழை போட்டுக்கொண்டு நிக்கேக்க வலக்கண்ணில ஏதோ சுள்ளெண்டு அடிச்சிருக்கு, தூசி எண்டு நினைச்சுக் கசக்கிப்போட்டு விட்டிட்டார், இரவு முழுக்க நித்திரை இல்லை, கண் சிவந்து தண்ணியா ஓடிச்சுது, உள்ளுக்க ஏதோ ஊருது எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அடுத்தநாள் காலமை ஆசுப்பத்திரியில மெசினில வைச்சுப் பாத்து 7 புழு எடுத்தவை, ஆட்டிலையான்ர புழு எண்டு சொல்லி சொட்டு மருந்து தந்து விட்டவை. இப்ப நீங்கள் கேக்கிறது, மிச்சம் இருந்தா மூளைக்குப் போயிடுமோ, கண் பழுதாகுமோ, கைக்குழந்தைக்குத் தொத்துமோ, ஆடுகளை வித்துப்போட வேணுமோ எண்டு. கடைசி வரியில போற போக்கில இன்னொண்டும் எழுதியிருக்கிறியள், மாமி படுக்கையில, அவவுக்கு இடக்கண் கீழ்மடலில கனகாலமா ஆறாத ஒரு புண், அதில இலையான் மொய்க்குது, அதுக்கும் இப்பிடி வருமோ எண்டு.

நான் கண் வாட்டிலயும் கிளினிக்கிலயும் தாதியா 22 வருசம் நிண்டனான். உங்கட முதல் நாலு கேள்விக்கும் என்ர பதில் பயப்பிடாதேங்கோ எண்டதுதான். அந்தக் கடைசி வரிதான் எனக்கு நெஞ்சுக்க நிக்குது. ரெண்டும் கண்ணில புழுதான், ரெண்டும் இலையான் போடுறதுதான், ஆனா ஒண்டு நாலு நாளில மறந்துபோற விசயம், மற்றது ஒரு கிழமைக்குள்ள முகத்தையே தின்னுற விசயம். ஆறுதலா ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

முதல்ல இவற்ற கண். இலையான்ர புழு உயிருள்ள மனிசரிலயோ மிருகத்திலயோ இருந்து சீவிக்கிறதை மையாசிஸ் எண்டு சொல்லுவினம், 1840இல ஹோப் எண்ட ஆங்கிலேயர் வைச்ச பேர், கண்ணில வந்தா ஒப்தல்மோமையாசிஸ். துண்டில அந்தப் பேர் எழுதியிருந்தா பயப்பிடாதேங்கோ, பேர்தான் பெரிசு. உங்கட மனிசனுக்கு வந்தது ஓஸ்ட்ரஸ் ஓவிஸ் எண்ட இலையான்ர குஞ்சுப் புழு. இது எங்கட குசினியில சோத்தில வந்து இருக்கிற இலையான் இல்லை. சாம்பல் நிறமா, கிட்டத்தட்ட தேனீயின்ர அளவில, உடம்பில சின்னச் சின்னப் புள்ளியோட இருக்கும், அதுக்குச் சாப்பிட வாயே ஒழுங்கா இல்லை, வளந்த பிறகு ஒண்டும் தின்னாது, இருக்கிற கொஞ்ச நாளுக்குள்ள சோடி சேந்து குஞ்சு போட்டிட்டுச் சாகிறதுதான் அதின்ர சீவியம். மற்ற இலையான் மாதிரி முட்டை இடாது, வயித்துக்குள்ளயே பொரிஞ்ச உயிர்ப் புழுவை ஒரு துளித் தண்ணியோட பறந்துகொண்டே பீச்சி அடிக்கும், வந்து இருக்கவும் மாட்டுது. அதுதான் இவர் "இலையான் ஒண்டும் இருக்கேல்ல, அடிச்சது மட்டும்தான் தெரியும்" எண்டு சொல்லுறார், அவர் சொல்லுறது சரி. ஒரு பெட்டை இலையான் தன்ர சீவியத்தில 500 புழு வரைக்கும் போடும் எண்டு சொல்லுவினம், ஒரு அடியில அதில கொஞ்சம் வரும்.

அது குறி வைக்கிறது மனிசன்ர கண்ணை இல்லை, ஆட்டின்ர மூக்கை. செம்மறி, வெள்ளாடு ரெண்டுக்கும் அடிக்கும். நீங்கள் கவனிச்சிருப்பியள், நல்ல வெயிலுக்க சில நேரம் ஆடுகள் திடீரெண்டு மேயிறதை விட்டிட்டு நிலத்தில காலை உதைக்கும், மூக்கை மண்ணோட வைச்சு அழுத்தும், இல்லாட்டி ஒண்டின்ர மயிருக்க மற்றது மூஞ்சியைப் புதைச்சுக்கொண்டு வட்டமா நிக்கும். எங்கட அப்பாச்சி இதைப் பாத்திட்டு ஆடு பேயைக் கண்டிட்டுது எண்டுவா. அது இந்த இலையானுக்குப் பயந்துதான். மூக்குக்க போன புழு மேல ஏறி நெத்திக்குள்ள இருக்கிற வெற்று அறைகளுக்குப் போய் அங்க சளியைத் தின்டு 2, 3 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வளரும், பேந்து ஆடு தும்மேக்க நிலத்தில விழுந்து மண்ணுக்க கூடு கட்டிக் கிடந்து இலையானா வெளிக்கிடும். ஆடு மூக்கால வடிச்சுக்கொண்டு, தும்மிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நிண்டா இதையும் ஒருக்கா யோசிக்க வேணும்.

ஆட்டுக்குக் கிட்ட நிக்கிற மனிசனுக்கு அந்த அடி தவறி விழும். கண்ணும் மூக்கும் ஈரமாயும் சூடாயும் இருக்கிறதால இலையானுக்கு அந்த நேரம் பிழைச்சுப் போகுது போல. இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய வருத்தம் இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்து இடையர்களுக்கு எப்பவோ பழக்கமானது, அல்ஜீரியாவில மலைச்சனம் இதுக்குத் தங்கட பாசையில தனிப் பேரே வைச்சிருந்தவை எண்டு செர்ஜோன் எண்ட ரெண்டு பிரெஞ்சு அண்ணன் தம்பி டொக்டர்மார் 1907இல எழுதியிருக்கினம். ஆடு வளக்காத ரவுண் ஆக்களுக்கும் மோட்டச்சைக்கிளில போகேக்க அடிச்சு வரும்.

மனிசன்ர கண்ணுக்க அந்தப் புழுவால வளர ஏலாது. இதுதான் நீங்கள் பிடிச்சுக்கொள்ள வேண்டிய விசயம். அது வரேக்க 1 மில்லிமீற்றர், சாகேக்கயும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், ஒருத்தரும் எடுக்காட்டியும் ஒரு பத்து நாளுக்குள்ள தானாச் செத்துப்போகும். மூளைக்கு ஏறிற சத்தி அதுக்கு இல்லை. வெள்ளை முழிக்கு மேலயும் மடலுக்கு உள்ளயும்தான் ஓடித் திரியும்.

நான் முதல் முதல் பாத்த நாள் இப்பவும் ஞாபகம். சிலிட் லாம்ப் எண்டு சொல்லுற அந்த மெசினில, நாடியை வைச்சுக்கொண்டு இருக்க முன்னால வெளிச்சக் கீறு ஒண்டு அடிப்பினமே, அதில டொக்டர் பாத்துக்கொண்டிருந்தவர், "சிஸ்ரர், இஞ்ச வந்து பாருங்கோ" எண்டு கதிரையை விட்டு எழும்பினார். நான் குனிஞ்சு பாத்தன், சிவந்த முழி, கண்ணீர், வேற ஒண்டும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கோ" எண்டார். பொறுத்தன். கண்ணின்ர மூக்குப்பக்க மூலையில பிஞ்சுத் தேங்காய் வழுக்கையைச் சுரண்டி எடுத்தமாதிரி, கண்ணாடி போல ஒரு சின்னத் துண்டு, அது சுருங்கி நீண்டுது. ஒரு நுனியில ரெண்டு கறுப்புப் புள்ளி. வெளிச்சம் பட்ட உடன விறுவிறெண்டு மடலுக்குக் கீழ ஓடி ஒளிச்சிட்டுது, நான் என்னை அறியாமல் பின்னுக்கு வந்திட்டன். பிறகு எடுத்துக் கண்ணாடித் தகட்டில வைச்சு மைக்குரோஸ்கோப்பில பாத்தா அந்தக் கறுப்புப் புள்ளி ரெண்டும் கொக்கி, நல்ல வளைஞ்ச தூண்டில் மாதிரி, உடம்பு வளையம் வளையமா, ஒவ்வொரு வளையத்திலயும் வரிசையாச் சின்ன முள்ளு. அந்தக் கொக்கியாலதான் இறுக்கிப் பிடிக்குது, அந்த முள்ளுதான் உறுத்துது. ஆனபடியால்தான் தண்ணியை அடிச்சுக் கழுவினாலும் போகாது. போசெப்ஸ் எண்ட சின்ன இடுக்கியால ஒவ்வொண்டாப் பிடிச்சு எடுக்க வேணும், அதுக்கு முதல் கண்ணை விறைக்கப் பண்ணுற சொட்டு விட்டா மனிசருக்கும் நோகாது, புழுவும் கொஞ்சம் மயங்கிப் பிடியை விடும்.

வெளிச்சத்தைக் கண்டு ஓடுறதாலதான் இதைத் தவற விடுறது. சனம் கூடின கிளினிக்கில அவசரமாப் பாத்தா வெறும் கண்நோய் எண்டு சொட்டு மருந்து எழுதி விட்டிடுவினம். குறை சொல்லேல்ல, நானும் அந்தக் கூட்டத்துக்க நிண்டவள்தான், ஆனா நோயாளி வடிவாச் சொன்னா டொக்டர் வடிவாத் தேடுவார். சாதாரண கண்நோய் எண்டா ஒரு கண்ணில தொடங்கி மற்றதுக்கும் வரும், பீளை கட்டும், வீட்டில வேற ஆருக்கும் இருக்கும். இது வெளியில நிக்கேக்க இந்த நேரம் அடிச்சது எண்டு மணித்தியாலம் சொல்லக்கூடிய மாதிரி ஒரு கண்ணில திடீரெண்டு தொடங்கும், ஊருற மாதிரி இருக்கும். "ஆட்டுக்குக் கிட்ட நிண்டனான், ஏதோ வந்து அடிச்சது, உள்ளுக்க ஊருது, மேல்மடலைப் பிரட்டிப் பாருங்கோ" எண்டு ஒரு வசனம் சொன்னாக் காணும்.

இவருக்கு 7 எடுத்தது சரி, ஆனா மடிப்புக்குள்ள ஒண்டு ரெண்டு ஒளிச்சுக் கிடக்கிறது புதினமில்லை. அதால ரெண்டு நாளுக்குள்ள திரும்ப ஒருக்காப் பாக்க வேணும், உறுத்தல் நிண்டாலும் போகத்தான் வேணும். இப்ப இரவில கரகரக்குது எண்டு எழுதியிருக்கிறியள், அது புழுவாத்தான் இருக்க வேணும் எண்டில்லை, முள்ளுக் கீறின இடம் ஆறுறதுக்கும் ஒண்டு ரெண்டு நாள் அப்பிடி இருக்கும். மூக்குக்க, தொண்டைக்க அரிப்பு, விடாத தும்மல், இருமல் இருந்தா அதையும் சொல்லுங்கோ, சில நேரம் அதே அடியில அங்கயும் விழும். தந்த சொட்டு மருந்தைச் சொன்ன நாள் முடியும் வரைக்கும் விடுங்கோ, முடிஞ்ச பிறகு சுகமாக் கிடந்தது எண்டு பாமசியில நீங்களாத் திரும்ப வாங்க வேண்டாம், அதில ஸ்ரீரோயிட் கலந்திருந்தா டொக்டர் பாக்காமல் கனநாள் விடேக்க கண் பிரஷர் ஏறும், கீறின கண்ணில பங்கஸ் எண்ட பூஞ்சணம் பிடிச்சா இன்னும் மோசம். எங்கட தோட்டக்காரருக்கு நெல்லுத் தாள், பனையோலை, வைக்கல் அடிச்சு அதில பங்கஸ் பிடிச்சுக் கண்ணில பூ விழுந்து பார்வை போனதை நான் புழுவை விடக் கனக்கக் கண்டிருக்கிறன்.

குழந்தைக்கு இவரிட்ட இருந்து தொத்தாது, அந்தப் புழு ஒரு ஆளிட்ட இருந்து மற்ற ஆளுக்குப் பாயாது, இவர் பிள்ளையைத் தூக்கலாம் கொஞ்சலாம். பிள்ளையை ஆட்டுக்கொட்டிலடியில பாயில வளத்திறதை மட்டும் விடுங்கோ.

ஆட்டை ஏன் விப்பான். மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ, ஐவர்மெக்ரின் மாதிரி மருந்து நிறைக்குத் தக்க குடுப்பார், பால் கறக்கிற ஆடெண்டா எத்தினை நாள் பாலை எடுக்கக் கூடாது எண்டு கேட்டு வையுங்கோ. இவர் சோளகக் காத்து அடிக்கிற காலத்தில, வெயிலுக்க, குழை போடேக்க ஒரு சாதாரண கண்ணாடி போட்டாக் காணும், வெறும் பவர் இல்லாத கண்ணாடி. ஆனா ஒண்டு, அந்த ஆட்டு மருந்தை ஒரு துளி எண்டாலும் மனிசன்ர கண்ணில விடாதேங்கோ. எழுதவே தேவையில்லாத விசயம் மாதிரி இருக்கும், விட்டுக்கொண்டு வந்தவை இருக்கினம்.

கண்ணுக்க புழு எண்ட உடன இணையத்தில தேடிப் பாத்திருப்பியள், வேற கதைகளையும் வாசிச்சுப் பயந்திருப்பியள், அதையும் பிரிச்சுச் சொல்லிப்போடுறன். முழிக்குள்ளயே துளைச்சுக்கொண்டு போய் விழித்திரைக்கு அடியில றெயில் பாதை மாதிரிக் கோடு கோடாத் தடம் வைக்கிற புழு இருக்குதுதான், அது பெரும்பாலும் ஹைப்போடெர்மா எண்ட மாட்டிலையான்ர புழு, குளிர் நாட்டுச் சாமான், டொக்டர்மார் லேசரால சுட்டுக் கொல்லுவினம். எங்கட ஆட்டிலையான் அப்பிடி உள்ளுக்குப் போறது மிக மிக அருமை. தென் அமெரிக்காவில டெர்மடோபியா எண்டு ஒண்டு, அது நுளம்பைப் பிடிச்சு அதின்ர வயித்தில தன்ர முட்டையை ஒட்டி விடும், நுளம்பு கடிக்கேக்க புழு தோலுக்க இறங்கும், மடலில கட்டி மாதிரி வரும், அந்தப் பக்கம் பயணம் போய் வந்தவைக்குத்தான் யோசிக்க வேணும். எங்கட நாட்டில கண்ணின்ர வெள்ளைத் தோலுக்குக் கீழ நூல் மாதிரி நீளமா நெளியிறது ஒண்டைக் கண்டா அது இலையான் புழுவே இல்லை, டைரோஃபிலேரியா, நாயிட்ட இருக்கிற புழு, நுளம்பு கொண்டுவந்து விடுறது. இலங்கையில அது நல்லா இருக்கு, பாக்கச் சரியான பயங்கரம், சின்ன ஒப்பரேசனால இழுத்து எடுத்தா முடிஞ்சுது.

இனி மாமி.

நீங்கள் எழுதினது இவ்வளவுதான்: வயது 78, பாரிசவாதம் வந்து வலப்பக்கம் ஏலாது, சலரோகமும் இருக்கு, இடக்கண் கீழ்மடலில ரெண்டு மூண்டு வருசமா ஒரு புண், காயும், திரும்ப உடைக்கும், சில நேரம் ரத்தம் கசியும், இப்ப இலையான் மொய்க்குது. இதில ஒவ்வொரு சொல்லும் எனக்கு மணி அடிக்குது.

கண்மடலில, அதுவும் கீழ்மடலில, வருசக்கணக்கா ஆறாமல் ஓரம் தடிச்சு நடுவில குழிஞ்சு கிடக்கிற புண்ணை முதல்ல கான்சர் இல்லை எண்டு நிரூபிக்க வேணும். பேசல் செல் கார்சினோமா எண்டு ஒரு வகை, அது கூட வாற இடமே கீழ்மடல்தான், மெதுமெதுவா வளரும், வேற இடத்துக்குப் பரவுறது அருமை, நேரத்துக்கு வெட்டி எடுத்தா முழுக்கச் சுகம், விட்டா வந்த இடத்தையே எலி கடிச்ச மாதிரி அரிச்சுக்கொண்டு போகும். மடலில வாற வேற வகைகள் இதை விட வேகம். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிச்சாத்தான் எது எண்டு தெரியும். நோகேல்லத்தானே எண்டு வீட்டில விட்டிடுவினம், இந்தக் கான்சர் ஆரம்பத்தில நோகாது, அதுதான் கவலை.

அந்தத் திறந்த புண்ணுக்கு வாற இலையான் வேற சாதி. நீலமும் பச்சையுமா மினுங்கிறது, கருவாடு காய விட்ட இடத்தில மொய்க்குமே அந்தச் சாதிச் சனத்தில ஒண்டு, ஆனா கருவாட்டில இருக்கிறது செத்ததைத் தின்னுறது, நான் சொல்லுற கிரைசோமியா பெசியானா செத்த இறைச்சியைச் சீண்டாது, உயிருள்ள சதையைத்தான் தின்னும். இந்தியா, இலங்கை, மலேசியா எண்டு எங்கட பக்கமெல்லாம் இருக்கு. மாட்டுக்குக் குறி சுட்ட காயத்தில, கண்டு போட்ட பசுவில புழு வைக்கிறது எண்டு சொல்லுறமே, அதில கனக்க இதுதான். புண்ணின்ர ஓரத்தில ஒரே இருப்பில 100, 200 முட்டை வைக்கும், ஒரு நாள் முடிய முன்னம் பொரிஞ்சிடும், எல்லாம் சேந்து தலைகீழா உள்ளுக்க துளைச்சுக்கொண்டு இறங்கும், மூச்சு விடுற பின்பக்கம் மட்டும் மேல தெரியும், உடம்பில முள்ளு வரி சுத்திச் சுத்தி இருக்கிறதால திருகாணி இறங்கிற மாதிரித்தான். 5, 6, 7 நாள் தின்னும், தின்னத் தின்னப் புண் நாறும், அந்த நாத்தத்துக்கு இன்னும் இலையான் வந்து இன்னும் முட்டை வைக்கும். இதை விட்டு வைச்சா மடல் போய், முழி போய், முழி இருக்கிற எலும்புக் குழிக்குள்ள இறங்கும். சில ஆக்களுக்கு உயிரைக் காப்பாத்த முழியோட சேத்து எல்லாத்தையும் எடுக்க வேண்டி வந்திருக்கு.

இதுக்கு அமெரிக்காப் பக்கத்துச் சொந்தக்காரன் ஒண்டு இருக்கு, கொக்லியோமியா, 1858இல கோக்ரெல் எண்ட பிரெஞ்சு டொக்டர் பிரெஞ்சு கயானாவில சிறைக்கைதிகளின்ர முகத்தில இருந்து எடுத்து "மனிசனைத் தின்னி" எண்ட கருத்தில பேர் வைச்சவர். அந்தப் பெட்டை இலையான் சீவியத்தில ஒருக்காத்தான் சோடி சேரும் எண்டதைக் கவனிச்சு, கதிர்வீச்சு அடிச்சு மலடாக்கின ஆண் இலையான்களை லட்சக்கணக்கில விட்டு 1954இல கரிபியன் கடலில இருக்கிற குராசாவோ தீவில அதை இல்லாமலே பண்ணினவை, நிப்லிங் எண்ட அமெரிக்கப் பூச்சி விஞ்ஞானியின்ர யோசினை. 1988இல அது லிபியாவுக்கு ஆட்டோட போய் இறங்கினபோது மெக்சிக்கோவில இருந்து பிளேனில மலட்டு இலையானைக் கொண்டுவந்து கொட்டி நிப்பாட்டினவை. எங்கட பக்கத்து இலையானை அப்பிடி இல்லாமல் பண்ணேல்ல, எங்களுக்கு இருக்கிற காவல் புண்ணை மூடி வைக்கிற ஒரு துண்டு கோஸ்தான்.

ஒரு அம்மாவைச் சொல்லுறன், ஊர் பேர் வேண்டாம். 80 தாண்டின ஆள், பேத்திதான் ஓட்டோவில கூட்டிக்கொண்டு வந்தவ. கண்ணைச் சுத்திப் பழைய வேட்டித் துணியால இறுக்கக் கட்டியிருந்தது, கற்பூர மணமும் புகையிலை மணமும் அதுக்குக் கீழ வேற ஒரு மணமும். துணியை அவிழ்க்க முன்னமே துணியின்ர ஓரம் அசைஞ்சுது. நான் அந்த அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டன், டொக்டர் துணியை நனைச்சு நனைச்சு எடுத்தார். அண்டைக்கு முதல் நாளிலயே 60க்கு மேல எடுத்தம், அடுத்த நாளும் எடுத்தம், அதுக்கடுத்த நாளும். அந்த அம்மா மூண்டு நாளா வீட்டில சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா, "உள்ளுக்க இருந்து கடிக்குது பிள்ளை, உள்ளுக்க இருந்து கடிக்குது" எண்டு. வீட்டில அறளை பேந்திட்டுது எண்டு நினைச்சிட்டினம். அவவுக்கு அறளை இல்லை, கடைசி மட்டும் தெளிவாத்தான் கதைச்சா, என்ர பேரைக் கேட்டு வைச்சுக் கூப்பிடுவா. கண்ணைக் காப்பாத்த முடியேல்ல.

பேத்தி ஏன் பிந்தினவ தெரியுமோ, வெக்கம். "புழுத்துத்தான் சாவாய்" எண்டது எங்கட ஆக்கள் ஒருத்தரைத் திட்டிற கடைசித் திட்டு, அதால வீட்டில ஒரு வயசான ஆளுக்குப் புழு வைச்சா அது பாவத்தின்ர சம்பளம், இல்லாட்டி பிள்ளையள் பாக்காமல் விட்ட அவமானம் எண்டு ஊர் சொல்லும் எண்ட பயம். கட்டி மறைச்சுப்போட்டு உள்வீட்டில படுத்தி வைப்பினம். தங்கச்சி, இதில பாவமும் இல்லை சாபமும் இல்லை. கையைத் தூக்கி இலையானைக் கலைக்க ஏலாத ஆள், திறந்த புண், இலையான், மூண்டும் ஒரு இடத்தில சேந்தா எந்தப் பெரிய வீட்டிலயும் வரும். நீங்கள் மாமியைப் பாக்கிற ஆள், பாத்ததாலதான் இலையான் மொய்க்குது எண்டதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப வீட்டில செய்யக் கூடாதது. மாட்டுப் புண்ணுக்கு வைக்கிற ஒண்டையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணி, கற்பூரம், பூச்சி உருண்டை ஒண்டும் வேண்டாம். அன்னமுன்னா இலை, விதை எல்லாத்தையும் விட மோசம், பேனுக்கு அரைச்சுத் தலையில வைச்சு அது கண்ணுக்க வழிஞ்சு கருவிழி வெந்துபோன ஆக்கள் இந்தியாவிலயும் இருக்கினம். தாய்ப்பால் விடுறது, நந்தியாவட்டைப் பூ ஒத்துறது, நாக்கால தூசி எடுக்கிறது இதுகளும் வேண்டாம், அன்பாச் செய்யிறதுதான், தெரியும், ஆனா வாயில இருக்கிற கிருமி திறந்த கண்ணுக்குப் போகும். டொக்டர்மார் ரேப்பன்ரைன் நனைச்ச கோஸைப் புண்ணுக்கு வைச்சுப் புழுவை வெளியில வரப் பண்ணுறதைக் கண்டிட்டு ஆரும் உங்களுக்கும் சொல்லுவினம், அது கருவிழியில படாமல் பழகின கைதான் செய்ய வேணும்.

இன்னொரு கதையும் சொல்லுவினம், புழு புண்ணைத் துப்புரவாக்கும்தானே, வெளிநாட்டில புழுவாலயே வைத்தியம் செய்யினம் எண்டு. அது பொய் இல்லை. 1917இல பிரான்சில போர்க்களத்தில பேயர் எண்ட அமெரிக்க டொக்டர் நாள்கணக்காக் காயத்தோட கிடந்த ரெண்டு சிப்பாய்களின்ர புண் புழு வைச்சும் சுத்தமா ஆறிக்கொண்டு இருந்ததைக் கண்டு, பிறகு அதை ஒரு வைத்தியமாவே கொண்டுவந்தவர். ஆனா அது வேற இலையான், செத்த சதையை மட்டும் தின்னுறது, இப்ப ஆய்வுகூடத்தில கிருமி இல்லாமல் வளத்துக் கணக்குப் பண்ணி வைச்சு நாள் குறிச்சு எடுக்கிறவை. வேலியால பறந்து வந்து மாமியின்ர கண்ணில இருக்கிறது எந்தச் சாதி எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

ஆசுப்பத்திரியில என்ன செய்வினம் எண்டு தெரிஞ்சாப் பயம் குறையும். புழு இருந்தா கையால ஒவ்வொண்டா எடுப்பினம், நாளுக்கு நாள் திரும்பப் பாப்பினம், புண்ணைக் கழுவுவினம், கிருமிக்கு மருந்து, தேவையெண்டா ஐவர்மெக்ரின் குளிசை நிறைக்கு அளந்து குடுப்பினம், உள்ளுக்க போனதுகள் அதுக்கு அடங்கும். ஜப்பானில ஒரு பிடி மண்ணில இருந்த கிருமியில இருந்து வந்த மருந்து அது, அதுக்காக அதைக் கண்டுபிடிச்ச ஒமுராவுக்கும் கம்ப்பெல்லுக்கும் 2015இல நோபல் பரிசு குடுத்தவை, இவ்வளவு நல்ல மருந்தெண்டாலும் நீங்களா வாங்கிக் குடுக்கிற மருந்து இல்லை. எவ்வளவு ஆழம் எண்டு பாக்க ஸ்கான் எடுப்பினம். சீனியின்ர அளவைப் பாத்துக் கட்டுக்க கொண்டுவருவினம், அது கட்டுக்க இல்லாட்டி எந்தப் புண்ணும் ஆறாது. புழு இல்லையெண்டா அந்தப் புண்ணில இருந்து துண்டு எடுத்து அனுப்புவினம், கான்சர் எண்டு வந்தாலும் தெல்லிப்பழையில பிரிவு இருக்கு, கொழும்புக்கு ஓட வேணும் எண்டில்லை.

இண்டைக்கு இரவு செய்ய வேண்டியது இவ்வளவுதான். கொதிச்சு ஆறின தண்ணியில சுத்தமான கோஸை நனைச்சுப் புண்ணைச் சுத்தி மெதுவா ஒத்தி எடுங்கோ, தேய்க்க வேண்டாம், காய்ஞ்ச பொருக்கைப் பிய்க்க வேண்டாம். நல்ல வெளிச்சத்தில, போன் ரோச்சை அடிச்சுப் பாருங்கோ, புண்ணின்ர ஓரத்தில வெள்ளை அரிசிக் குறுணி ஒட்டின மாதிரி இருந்தா அது முட்டை, குழிக்குள்ள ஏதும் துடிக்கிற மாதிரி, அசையிற மாதிரி இருந்தா புழு, திடீரெண்டு மணம் மாறியிருந்தா, மடல் வீங்கியிருந்தா, மாமி கடிக்குது குத்துது எண்டு சொன்னா அதை அப்பிடியே நம்புங்கோ. இதில ஒண்டு இருந்தாலும் விடியும் மட்டும் பொறுக்காதேங்கோ, 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. ஒண்டும் இல்லையெண்டா புதுக் கோஸ் ஒண்டை முழியில அழுத்தாமல் தளர்வா மூடி ஓரத்தில பிளாஸ்ரர் ஒட்டுங்கோ, துணியால இறுக்கிக் கட்ட வேண்டாம். நுளம்பு வலையைப் பகலிலயும் போட்டு வையுங்கோ, இந்த இலையான் பகலிலதான் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில சாப்பாட்டுக் கோப்பை, மூத்திரச் சட்டி கிடக்க விடாதேங்கோ.

காலமை முதல் வேலையா வானைப் பிடிச்சு யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரி கண் கிளினிக்குக்கு வாங்கோ, மாமியின்ர சலரோகக் கொப்பி, குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாங்கோ. இவருக்கும் திரும்பக் காட்டத்தானே வேணும், ரெண்டு பேரையும் ஒண்டாவே கூட்டிக்கொண்டு வாங்கோ. நம்பர் எடுக்கேக்க முதல் நம்பரை மாமிக்கு எடுங்கோ.